மறுபடியும் பசிக்குதே!

எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்தால், "நல்லா இருக்கியா?" என்று கேட்பதற்கு முன்பே உடம்பைப் பற்றி ஒரு தீர்ப்பு வந்துவிடும். "இன்னா இப்படி இளைச்சுட்ட?" இல்லையென்றால், "இன்னா, சதை போட்டுட்டாப்ல இருக்கே?" கேட்கிறவருக்கு அது பாசம். பதில் சொல்கிறவருக்குத்தான் அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி இடி மாதிரி இறங்கும். இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அவர்களுக்குச் சோறு போடுகிற அம்மா, மாமியார், கணவர், பிள்ளைகளும் சேர்ந்து படியுங்கள்.

"இதெல்லாம் சென்னைப் பணக்காரங்க சமாச்சாரம்" என்று தள்ளிவிடாதீர்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு உடல் எடை அதிகம். ஆண்களில் 37 சதவீதம். இவர்களில் ஆபரேஷன் வரை போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் சர்க்கரை கட்டுப்படாமல், முட்டி வலியில் நடக்க முடியாமல், படுத்தால் மூச்சு அடைத்து, வேறு வழியில்லாமல் நகையை அடகு வைத்துப் போகிறவர்கள் நம்மைப் போன்ற சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா இருக்கிறார். ஆபரேஷனுக்கு முன் 110 கிலோ. ஒன்றரை வருடத்தில் 72 கிலோவுக்கு வந்தார். தெருவே வாயைப் பிளந்தது. மூன்றாவது வருடம் 77 ஆனது. ஐந்தே கிலோதான். ஆனால் அக்கா கல்யாணம், காதுகுத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். எடை பார்க்கும் மெஷினைப் பரண் மேல் தூக்கிப் போட்டார். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் செக்கப்புக்குப் போயே ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஏன் என்று கேட்டேன். "எந்த மொகத்தை வெச்சுக்கினு போறதும்மா? இவ்ளோ செலவு பண்ணியும் வாயைக் கட்டத் தெரியலன்னு நெனைக்க மாட்டாரா? மொதல் வருசம் பசின்னா இன்னான்னே தெரியல. செத்துப் போச்சுன்னு நெனச்சேன். இப்ப எழுந்து உக்காந்துடுச்சு."

இந்த ஐந்து கிலோவைவிட ஆபத்தான விஷயம், அக்கா டாக்டரைப் பார்க்காமல் இருந்த அந்த ஒரு வருடம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

பசி எங்கே போயிருந்தது?

இப்போது அதிகம் நடப்பது இரண்டு வகை ஆபரேஷன். ஒன்று ஸ்லீவ். இதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக மிச்சம் வைப்பார்கள். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பை மாதிரி தடுத்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள்.

பசியைத் தூண்டுகிற ஹார்மோன் ஒன்று உண்டு. பெயர் கிரெலின். 1999ல் ஜப்பானில் மசயாசு கோஜிமா, கென்ஜி கங்காவா என்ற விஞ்ஞானிகளின் குழு அதைக் கண்டுபிடித்தது. அது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி எடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். அதோடு, சாப்பாடு சீக்கிரம் குடலுக்குப் போய்விடுவதால், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால்தான் முதல் சில மாதங்கள் இரண்டு கரண்டி சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது. பலருக்குச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பே வராது. டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள்.

தேனிலவு எத்தனை நாளைக்கு? ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குப் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும். உடம்பு சும்மா இருக்காது. முன்பு இருந்த எடையை அது தன் சொத்து என்று நினைக்கிறது. எடை குறையக் குறைய, சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. பசியைக் கூட்டிப் பார்க்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45ல் ஒரு பரிசோதனை நடந்தது. ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, திடமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதுவரை சமையலறைப் பக்கமே போகாத பையன்கள் சமையல் புத்தகம் சேகரிக்க ஆரம்பித்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு, சாப்பாட்டுக் கனவு. பழையபடி சாப்பாடு கொடுத்த பிறகும், வயிறு முட்டத் தின்றும் பலருக்குப் பசி அடங்கவில்லை. அவர்கள் யாரும் நாக்குக்கு அடிமையானவர்கள் கிடையாது. உடம்பின் வேலை அப்படி.

நம் மணிமேகலைக் காப்பியத்திலும் காயசண்டிகை என்று ஒருத்தி வருகிறாள். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி அவளுக்கு. அதற்கு யானைத்தீ என்று பெயர் வைத்து, நோய் என்றே சொன்னது காப்பியம். அவளைத் தீனிப் பண்டாரம் என்று யாரும் திட்டவில்லை. அமுதசுரபியிலிருந்து சோறு போட்டு நோயைத் தீர்த்தாள் மணிமேகலை. அந்த அளவு கருணையாவது நம் உடம்பின் மேல் நமக்கு இருக்க வேண்டும்.

பத்து வருடக் கணக்கு

"அப்ப எல்லாம் போச்சா? பழையபடி 110 ஆயிடுவேனா?" இதுதான் அக்காவின் பயம். இந்தப் பயத்துக்கு ஒரு நல்ல பதில் ஸ்வீடன் நாட்டில் இருக்கிறது.

1987ல் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 4,047 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மீதிப் பேர் செய்துகொள்ளாதவர்கள். வருடக்கணக்காக அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பைபாஸ் செய்தவர்களின் எடை முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. பத்தாவது வருடம் பார்த்தால் 25 சதவீதம்தான் குறைந்திருந்தது. அதாவது, சராசரி ஆளுக்கே கொஞ்சம் எடை திரும்பியிருக்கிறது.

110 கிலோ இருந்த ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட்டால், முதலில் 75 கிலோவுக்கு இறங்கி, பத்து வருடத்தில் 82 அல்லது 83க்கு வந்து நிற்பார். ஊர் வாய்க்கு அது ஏழெட்டுக் கிலோ ஏற்றம். உடம்புக்கு அது இன்னும் 27 கிலோ இறக்கம்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2007ல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய 11 வருடத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 29 சதவீதம் குறைவு. கொஞ்சம் எடை திரும்பியவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில் ஸ்லீவ் புழக்கத்தில் இல்லை. பெரும்பாலோருக்கு நடந்தது இப்போது கைவிடப்பட்ட பழைய முறைகள். ஆனாலும் ஒன்று புரிகிறது. கொஞ்சம் எடை திரும்புவது எதிர்பார்த்த விஷயம். அதனால் ஆபரேஷனின் பலன் அழிந்துபோகாது.

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன்: "38 கிலோ கொறைச்சீங்க, அஞ்சு ஏறியிருக்கு. இன்னும் 33 கிலோ உங்க முட்டி மேல இல்லக்கா."

இது எந்தப் பசி?

பசி என்று ஒரே பேர் வைத்திருக்கிறோம். உள்ளே பல ஆட்கள் இருக்கிறார்கள். சாப்பிடப் போகும் முன் ஒரு நிமிடம் நின்று, வந்திருப்பது யார் என்று பாருங்கள்.

வயிற்றுப் பசி: சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து மெதுவாக வரும். கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தாலும் சரி என்று சொல்லும். இதற்குச் சாப்பிடத்தான் வேண்டும். பயந்து பட்டினி கிடந்தால், அடுத்த வேளை கை அளவு மீறும்.

வாய்ப்பசி: சுண்டல் வேண்டாம், மிக்சர்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். சீரியல் ஓடும்போதும், மனசு சரியில்லாதபோதும், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கும்போதும் வரும். பத்து நிமிடம் வேறு வேலை பார்த்தால் பாதி நேரம் போய்விடும்.

எரிச்சல்: ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு அமிலம் மேலே எதுக்களிக்கும். வயிற்றின் அந்தக் குடைச்சல் பசி மாதிரியே இருக்கும். சாப்பிட்டால் கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி வரும். இதற்கு மருந்து இருக்கிறது. சாப்பாடு இதற்கு மருந்து கிடையாது.

நடுக்கப் பசி: பாயசமோ ஜூஸோ குடித்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வேர்த்து, கை நடுங்கி, தின்றே ஆகவேண்டும் போல் வரும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம். இனிப்பு வேகமாக இரத்தத்தில் ஏறி, இன்சுலின் அதிகம் சுரந்து, சர்க்கரை சட்டென்று இறங்குவதுதான் காரணம். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தாகம்: ஆபரேஷன் செய்தவர்கள் ஒரே மூச்சில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் குடிப்பதே குறைந்துவிடும். நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடியுங்கள். சாப்பிடும்போது மட்டும் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சின்ன வயிற்றை ஏமாற்றுகிற சாப்பாடு

இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் மில்க் ஷேக் சுலபமாக இறங்கிவிடும். வாயில் கரைகிறதெல்லாம் தடையில்லாமல் போகும்: ஐஸ்கிரீம், பாயசம், மிக்சர், பிஸ்கட், வெல்லப்பாகு போட்ட கூழ். எடை திரும்புவதற்குப் பெரிய வழி இதுதான். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டு ஏறுவதைவிட, நாள் முழுக்கக் கொறித்து ஏறுவதே அதிகம்.

நம் ஊர் மல்லாட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வேர்க்கடலையில் புரதம் 25 கிராம் இருக்கிறது, நல்ல விஷயம். கூடவே சுமார் 570 கலோரியும் இருக்கிறது. ஒரு சின்னக் கைப்பிடி, 30 கிராம், என்றால் 170 கலோரி. மாலை நேரத்துக்கு அருமையான சிற்றுண்டி. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கதை பேசியபடி உரித்துத் தின்றால், எண்ணெய் ஊற்றிய இரண்டு வேளைச் சாப்பாடு உள்ளே போயிருக்கும். கைப்பிடியை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, முறத்தை உள்ளே வைத்துவிடுங்கள்.

தட்டில் வரிசையை மாற்றுங்கள். முதலில் முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பன்னீர், தயிர். அடுத்து காய். கடைசியில் சோறு. இருபது முதல் முப்பது நிமிடம் மென்று சாப்பிடுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14 கிராம், 100 கிராம் கோழியிலோ மீனிலோ 20 கிராமுக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பௌர்ணமிக்கு அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு, மிச்ச நாள் உட்கார்ந்திருப்பதைவிட, தினமும் அரை மணி நேரம் நடப்பது நல்லது. அதோடு, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்தால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறையும்.

கிரிவலம் போகலாம், தாராளமாக. தண்ணீர் பாட்டிலும், சாப்பிடுவதற்குப் புரதமாக ஏதாவதும் கையில் இருக்கட்டும். வழியில் நீட்டுகிற ஒவ்வொரு தொன்னையையும் வாங்கிச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை; கும்பிட்டு நகர்ந்தால் சாமி குற்றம் வராது. நாள் முழுக்க விரதம் இருப்பதானால், டாக்டரைக் கேட்காமல் இருக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பந்தியில் "போதும்" என்று கையை நீட்டி மறைத்தால், விரல் இடுக்கில் ஊற்றுகிற ஊர் நம்முடையது. உங்கள் மருமகளோ மகனோ "போதும்" என்றால் கரண்டியைக் கீழே வையுங்கள். அந்தச் சின்ன வயிற்றில் ஒரு கரண்டி கூடினால் வலி, வாந்தி.

அதேபோல, அவர் முட்டையை வாயில் வைக்கும்போது "மறுபடி ஏறிடப் போற" என்று பயமுறுத்தாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். ஒளித்துத் தின்கிற சாப்பாட்டுக்கு அளவே கிடையாது. கார்த்திகைப் பொரி உருண்டையை எல்லோரோடும் உட்கார்ந்து ஒன்று தின்று முடிக்க விடுங்கள்.

குடும்பத்து ஆண்களுக்கு இன்னொன்று: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மது சீக்கிரமாகவும் கடுமையாகவும் ஏறும், பழக்கமாக மாறும் ஆபத்தும் அதிகம். சாப்பாட்டின் இடத்துக்குப் பாட்டில் வந்துவிடக் கூடாது.

டாக்டரிடம் போவது புகார் வாங்க அல்ல

வாரத்தில் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் அரைக் கிலோ ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் மனசு ஆடும். பரணில் போட்டால் பதினைந்து கிலோ ஏறிய பிறகுதான் தெரியும். மூன்று நான்கு கிலோ ஏறி, ஒரு மாதமாக இறங்கவில்லை என்றால் அதுதான் டாக்டரைப் பார்க்கும் நேரம்.

எடை ஏறுவதற்கு வாய் மட்டும் காரணமில்லை. தைராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் இவற்றாலும் ஏறலாம். தூக்கமின்மை காரணமாக இருக்கலாம். உள்ளே இரைப்பை விரிந்திருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. உணவு ஆலோசனையில் ஆரம்பித்து, மருந்து, தேவைப்பட்டால் மறு ஆபரேஷன் வரை இருக்கிறது. வாரம் ஒருமுறை போடும் மௌஞ்சாரோ போன்ற ஊசிகளும் 2025 மார்ச்சிலிருந்து இந்தியாவில் கிடைக்கின்றன. அதை யாருக்குப் போடலாம் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிக் குத்திக்கொள்ளாதீர்கள்.

செக்கப்பைத் தவிர்ப்பது ஏன் ஆபத்து என்றேனே, அதற்கு வருகிறேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் உடம்பில் சேர்வது குறையும். மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. வருடம் ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் இருந்தால் இவை சத்தமில்லாமல் இறங்கும். கால் மரத்துப்போகும், படியேறினால் மூச்சு வாங்கும், மறதி வரும். நாமோ வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

அக்கா கடைசியில் போனார். இரத்தத்தில் பி12 மிகவும் இறங்கியிருந்தது. ஐந்து கிலோவைப் பற்றி டாக்டர் பேசியது இரண்டே நிமிடம். "இந்த ஒரு வருசம் எங்கம்மா போனீங்க?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

இவற்றுக்கு மட்டும் செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள்: நிற்காத வாந்தி, தண்ணீர்கூட இறங்காமல் போவது, கடுமையான வயிற்று வலி, கறுப்பாக மலம் போவது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நிற்காத வாந்தியில் பி1 சத்து இறங்கினால் மூளையையும் நரம்பையும் பாதிக்கும்.

சாப்பாட்டை நினைத்தாலே பயம், யாருக்கும் தெரியாமல் தின்பது, தின்றதை வாந்தி எடுப்பது, வாழ்க்கையே வெறுத்துப் போவது என்று இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. ஆபரேஷன் ஃபைலை எடுத்து, கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்த தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால், எடை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே போனை எடுத்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். பசி வரும், போகும். அது உயிரோடு இருக்கிற உடம்பின் குணம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.